பணக்கார கோபன்ஹேகனுக்கு எதற்கு ஒரு மிஷனெரி?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. கடலூர் பக்கம் ஒரு லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். இறையியல் படித்துவிட்டு இப்போது எங்கள் சபையில் பெண்கள் மத்தியிலும் வாலிபர் மத்தியிலும் ஊழியம் செய்கிறேன். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் பல நாட்டு மக்கள் கூடுகிற ஒரு சபை, மூன்று வருட ஊழியத்துக்கு என்னை அழைத்திருக்கிறது. சபைக் கமிட்டியில் ஒரு பெரியவர், "கல்வராயன் மலைக்குப் போக ஆளில்லை, உனக்கு ஐரோப்பா கேக்குதா" என்றார். அம்மாவோ, "அங்க எல்லாருக்கும் எல்லாம் இருக்கு, நீ போய் என்னத்தக் குடுக்கப் போற?" என்கிறார்கள். ஆதரவாளர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் "ஏன் கோபன்ஹேகன்" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறேன். மூன்று காரணங்கள் வைத்திருக்கிறேன். ஐரோப்பா தேவனை மறந்துவிட்டது, தரங்கம்பாடிக்கு மிஷனெரி சீகன்பால்குவை அனுப்பிய தேசத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், பணம் இருந்தும் அவர்களுக்குச் சமாதானம் இல்லை. இவை போதுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போதாது. மூன்றையும் அடித்துவிடுங்கள். வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்களை நேர்காணல் செய்து பயிற்சி கொடுத்து அனுப்புவதுதான் என் வேலை, அதனால் சொல்கிறேன், ஐரோப்பாவுக்கு வரும் எல்லா விண்ணப்பத்திலும் இந்த மூன்றும் இதே வரிசையில் இருக்கும், பல நேரங்களில் இதே வார்த்தைகளில். நீங்கள் யோசித்து எழுதியவை அல்ல இவை. கன்வென்ஷன் மேடைகளில் கேட்டுக் கேட்டு உள்ளே போனவை.

கடைசிக் காரணத்திலிருந்து வருகிறேன், அதுதான் எளிது. உலகத்தில் யார் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் வெளியிடுகிற பட்டியலில் டென்மார்க் முன்வரிசையை விட்டு இறங்குவதே இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கே வேலை முடித்து, பிள்ளையை சைக்கிளின் முன்பெட்டியில் உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குக் காசு கட்டத் தேவையில்லாதவர், பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் பற்றி ஒரு நாளும் கவலைப்படாதவர், அவரை நிறுத்தி "உங்களுக்குச் சமாதானம் இல்லை" என்று சொல்லப் போகிறீர்களா? மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். துக்கப்படுகிறவர்கள் அங்கேயும் உண்டு, கடலூரிலும் உண்டு. ஆனால் ஒருவர் கஷ்டத்தில் இருந்தால்தான் நம் சுவிசேஷம் எடுபடும் என்றால், ஊரில் காய்ச்சல் பரவட்டும் என்று வேண்டிக்கொள்கிற வைத்தியரின் நிலைமைக்குப் போய்விடுவோம்.

அடுத்து, "தேவனை மறந்துவிட்டது". இது பாதி உண்மைகூட இல்லை, விஷயம் அதைவிட விசித்திரமானது. எவாஞ்சலிக்கல் லுத்தரன் சபைதான் டென்மார்க்கின் மக்கள் சபை, அரசு அதை ஆதரிக்கும் என்று 1849 அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள், இன்றும் அது அப்படியே இருக்கிறது. நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதில் அங்கத்தினர்கள், தலைநகரில் அதைவிட நன்றாகவே குறைவு. சம்பளத்திலிருந்து சபை வரி தானாகப் பிடிக்கப்படுகிறது, பேசாமல் கட்டுகிறார்கள். நாட்டின் பெரும்பாலான இடங்களில் பிள்ளை பிறந்தால் பிறப்பைப் பதிவு செய்வதே அந்தந்த வட்டாரத்துச் சபை அலுவலகம்தான், இஸ்லாமியக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி. பதின்மூன்று, பதினாலு வயதில் திடப்படுத்தல் ஆராதனை, பெரிய விருந்து, கவர் கவராய்ப் பணம், மறுநாளோ அடுத்த திங்களோ "நீலத் திங்கள்" என்று சொல்லிக்கொண்டு புதுத் துணியோடு டிவோலி பூங்காவுக்குக் கூட்டமாகப் போய் ராட்டினம் சுற்றுவார்கள். கிறிஸ்துமஸ் ஈவ் அன்று ஆலயத்தில் நிற்க இடம் இருக்காது. ஆனால் சாதாரண ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர்தான்.

ஆக மறக்கவில்லை. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், அடக்கம் என்று ஓரிடம் ஒதுக்கி, அந்த இடத்தை ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள், அதற்கு வெளியே அது வந்து தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்கிறார்கள். (நம் சபைகளில் பாதிப் பேர் எப்படி என்று கேட்டால் எனக்கும் பதில் வராது, அதை இன்னொரு நாள் பேசலாம்.) இதை அவர்களிடம் போய் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அந்த ஊர்க்காரரே சொல்லிவிட்டார். தத்துவஞானி கீர்க்ககார்ட். எல்லாரும் கிறிஸ்தவர்கள் என்று ஆகிப்போன நாட்டில் கிறிஸ்தவன் ஆவதுதான் கஷ்டம் என்று வாழ்நாளெல்லாம் எழுதினார், கடைசியாக 1854, 55-இல் பத்திரிகையிலும் துண்டுப் பிரசுரங்களிலும் சபைத் தலைமையைக் கிழித்துத் தொங்கவிட்டார். சாகக் கிடக்கும்போது போதகர் கையால் நற்கருணை வாங்க மறுத்தார், போதகர்கள் ராஜாவின் உத்தியோகஸ்தர்கள், சாதாரண சபையார் ஒருவர் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்றார், அப்படியே வாங்காமலே 42 வயதில் போய்ச் சேர்ந்தார். நோரெப்ரோ பகுதியில் அவர் கல்லறை இருக்கிறது, வெயில் காலத்தில் அதே கல்லறைத் தோட்டத்துப் புல்லில் வாலிபர்கள் படுத்துக்கொண்டு புத்தகம் படிப்பார்கள். இவ்வளவு கடுமையான குற்றச்சாட்டைத் தங்கள் சொந்தப் பிள்ளையின் வாயால், சொந்த மொழியில் கேட்டுவிட்டு, அவரைப் பாடத்திலும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிற ஊர் அது. கடலூரிலிருந்து போகிற நீங்கள் அதையே சுமாரான ஆங்கிலத்தில் திரும்பச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

கடன் விஷயம். கைதட்டு வாங்கும் காரணம் இதுதான், அதனால்தான் எனக்கு இதன் மேல் சந்தேகம் அதிகம். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவும் புளுட்சாவும் டேனிஷ்காரர்களே அல்ல. நான்காம் பிரெடெரிக் ராஜாவுக்குத் தன் நாட்டில் ஆள் அமையாமல், ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் படித்த இரண்டு பேரைப் பிடித்து அனுப்பினார். வந்த இடத்தில் கோட்டையிலிருந்த டேனிஷ் அதிகாரிக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை, 1708-இல் சீகன்பால்குவைப் பிடித்து நாலு மாதம் சிறையில் போட்டார். அதே ராஜாவின் கொடியைக் கட்டிய கப்பல்கள் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றி கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனதையும் மறந்துவிட வேண்டாம். யாருக்கு எந்தக் கடனைத் தீர்க்கப் போகிறீர்கள்? நன்றி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உங்கள் பக்கத்து ஆற்காடு லுத்தரன் சபையே டேனிஷ் மிஷன் ஊன்றியதுதான், போகிற இடத்தில் சபையார் கேட்டால் அந்தக் கதையைச் சொல்லுங்கள், கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள், நல்ல காப்பி கொடுப்பார்கள். அதற்குமேல் அந்தக் காரணம் உங்களைத் தாங்காது. பிப்ரவரி மாதத்து இருட்டில் ஒருத்தரும் ஆராதனைக்கு வராத ஞாயிற்றுக்கிழமையில் "சீகன்பால்கு" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே உருப்படியான வரி அதுதான்.

"என்னத்தக் குடுக்கப் போற?" மிஷனெரி என்றால் எதையாவது கொடுக்கிறவர் என்றுதான் நமக்குப் பழக்கம். பள்ளிக்கூடம் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரி கொடுத்தார்கள், பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றினார்கள், நம் அப்பா அம்மா காலத்தில் கோதுமையும் பால் பவுடரும் வந்தன. அதே காரணத்தால் நம்மைப் பார்த்து ஊரில் சொன்னதும் உங்களுக்குத் தெரியும், பால் பவுடருக்கு மதம் மாறினவர்கள், கோதுமைக் கிறிஸ்தவர்கள். இன்றைக்கும் டீக்கடையில் பேச்சு வாக்கில் ஒருத்தர் சொல்லிவிட்டுப் போகிறார், நாம் உள்ளுக்குள் கொதிக்கிறோம், எங்கள் தாத்தா விசுவாசித்துத்தான் வந்தார், வயிற்றுக்காக இல்லை என்கிறோம். நல்லது. அப்படியானால் வயிறு நிறைந்த ஊருக்கு மிஷனெரி எதற்கு என்று நம் சபைக் கமிட்டியே ஏன் கேட்கிறது? அந்தக் கேள்வியைக் கேட்கிற அந்த நிமிடத்தில் டீக்கடைக்காரர் சொன்னதற்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். சோறில்லாதவருக்குத்தான் சுவிசேஷம் என்றால் அது சுவிசேஷம் இல்லை, நிவாரணப் பணி. நிவாரணப் பணி நல்ல வேலைதான், அதை அரசாங்கமும் செய்யும், தொண்டு நிறுவனமும் செய்யும், டென்மார்க் அரசாங்கம் நம்மைவிட நூறு மடங்கு நன்றாகவே செய்கிறது.

எனக்குத் தெரிந்து பணக்கார ஊருக்கு மிஷனெரி போவதற்கு ஒரே நல்ல காரணம் இதுதான். அங்கே கொடுப்பதற்கு உங்கள் கையில் வேறு எதுவும் இருக்காது. பள்ளிக்கூடம் அவர்களிடம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, உங்களைவிட நல்ல இறையியல் நூலகமும் இருக்கிறது. நீங்கள் விசுவாசிக்கிற விஷயம் மட்டும்தான் உங்களிடம் மிச்சம், அது உண்மையா, அதை ஒருவர் எந்த லாபமும் இல்லாமல் ஏற்றுக்கொள்வாரா என்பது அங்கேதான் சுத்தமாகத் தெரியும். சகேயு பணக்காரன், லீதியாள் இரத்தாம்பரம் விற்கிற வியாபாரி, படைத்தளபதி நாகமானுக்கு வழி காட்டியது அவன் வீட்டில் கைதியாக இருந்த ஒரு சின்னப் பெண். வேதத்தில் இருக்கிறவர்கள்தான், ஆனால் ஊழியத் திட்டம் போடும்போது மட்டும் இவர்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை.

இதை ஒத்துக்கொண்டாலும் கமிட்டிப் பெரியவர் சொன்னது போய்விடாது, அவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் கேட்டதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, இதே அழைப்பு கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருந்தால் மூன்று வருடம் போயிருப்பீர்களா? இதற்கு நீங்கள் எனக்குப் பதில் எழுத வேண்டாம், ராத்திரி படுக்கும்போது உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டால் போதும், "இல்லை" என்று வந்தால் இந்தக் கடிதத்தின் மீதியை நீங்கள் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாவது, காசு. கோபன்ஹேகனில் ஒரு அறைக்கு ஒரு மாதம் கொடுக்கும் வாடகையில் மலைக் கிராமத்தில் எத்தனை ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அக்கா காணிக்கைப் பையில் போடுகிற பத்து ரூபாய் டென்மார்க் வீட்டுக்காரருக்கு வாடகையாகப் போகக் கூடாது. இதில் நான் ரொம்பப் பிடிவாதம். உங்களை அழைத்த சபைதான் முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும், இங்கே நீங்கள் கேட்க வேண்டியது ஜெப ஆதரவு மட்டும்தான். "நாங்கள் பாதி, நீங்கள் பாதி" என்று அவர்கள் இழுத்தால் அவர்களுக்கு நீங்கள் அவ்வளவு தேவைப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஊரைப் பற்றி. பணக்கார ஊர் என்றால் பணக்காரர்கள் மட்டும் இருக்கிற ஊர் இல்லை. 1731-இல் ஆறாம் கிறிஸ்டியனின் முடிசூட்டு விழாவுக்கு கோபன்ஹேகன் போன, ஜெர்மனியில் மொரேவியச் சபையை நடத்திவந்த சின்சென்டார்ஃப் பிரபு, அங்கே ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரராக இருந்த ஆன்டன் என்பவரைச் சந்தித்தார், கரீபியனில் செயின்ட் தாமஸ் தீவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். தீவிலே இன்னும் அடிமையாக இருக்கிற தன் சகோதரியைப் பற்றி ஆன்டன் சொன்னதைக் கேட்டுத்தான் அடுத்த வருடமே மொரேவியச் சபையின் முதல் இரண்டு மிஷனெரிகள் செயின்ட் தாமஸுக்குக் கிளம்பினார்கள். விழா என்னவோ ராஜாவுக்கு, ஆனால் பேசியது வேலைக்காரர்.

இன்றைக்கும் அதே கதைதான். வடக்கே பங்களாக்கள் இருக்கிற ஹெல்லெரூப் பக்கம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஃபிலிப்பைன்ஸ் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க ஆலயங்களை நிரப்புவதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இஸ்டெகேட தெருவில் ராத்திரி நிற்கிற பெண்களில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் நிறைய, அவர்களில் சிலருக்கு உங்களைவிட அதிகம் சங்கீதம் மனப்பாடம். அதே தெருவில் மரியா ஆலயம் இருக்கிறது, போதைக்கு அடிமையானவர்களும் இந்தப் பெண்களும் குளிருக்கு உள்ளே வந்து உட்காரலாம். பக்கத்திலேயே, போதை ஊசியை நர்ஸ் மேற்பார்வையில் போட்டுக்கொள்ளும் அறைகள் உள்ளன, 2012-இல் சட்டம் போட்டு அனுமதித்தார்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பீர்கள் என்றால் இந்த வெஸ்டர்ப்ரோ பகுதியில் உங்களால் வேலை செய்ய முடியாது. அங்கே நீங்கள் பிரசங்கியும் இல்லை, முதல் ஒரு வருடம் காப்பிக் கப் கழுவுவீர்கள், ஒரு டேனிஷ் சமூகப் பணியாளர் சொல்கிறபடி கேட்பீர்கள். சபையின் கோர்ஸ்ஹேர் என்ற அமைப்பு 1912-இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. கற்றுக்கொள்ள வேண்டியது நாம்தான்.

இதே பகுதியில் சாக்ஸோகேட தெருவில் அப்போஸ்தலர் ஆலயம் என்று ஒன்று, அகதிகளாக வந்த ஈரானியர், ஆப்கானியர் பலர் அங்கே வருகிறார்கள், சிலர் ஞானஸ்நானம் கேட்கிறார்கள். உங்களை அழைத்த சபையும் பல நாட்டவர் சபை என்பதால் இந்த விஷயம் நிச்சயம் உங்கள் வாசலுக்கு வரும். கவனமாகக் கேளுங்கள். மதம் மாறியவரை ஈரானுக்குத் திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து, அதனால் மதம் மாறினேன் என்பது அடைக்கலம் கேட்பதற்கு ஒரு காரணமாகிறது. அகதிகள் மேல்முறையீட்டு வாரியம் உட்கார வைத்து, நீ உண்மையாகவே விசுவாசிக்கிறாயா, எதற்கு மாறினாய், வேதத்தில் என்ன படித்தாய் என்று கேட்கும். அப்போது போதகரின் கடிதத்துக்கு மதிப்பு வருகிறது. புரிகிறதா? இங்கே கோதுமை, அங்கே விசா. பணக்கார ஊருக்குப் போனால் லாப நஷ்டம் கலக்காத ஊழியம் கிடைக்கும் என்று மேலே நானே சொன்னேன், அது இந்தக் கதவு வரைக்கும்தான். ஒருவர் அழுதுகொண்டு வந்து நின்றால் அன்றைக்கே ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிக்காதீர்கள், மாதக்கணக்கில் ஆயத்த வகுப்பு வைப்பது அங்குள்ள வழக்கம், அதையே பின்பற்றுங்கள். தனியாக எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், இத்தனை மாதம் வகுப்புக்கு வந்தார், இன்ன வேலையில் ஒத்தாசை செய்தார் என்று. அவர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல வாரியத்துக்கே முடியவில்லை, உங்களாலும் முடியாது. அதேசமயம் எல்லாரும் விசாவுக்குத்தான் வருகிறார்கள் என்று பேசுகிற கூட்டத்திலும் சேராதீர்கள், நம்மைப் பற்றி அப்படித்தானே பேசினார்கள்.

அப்புறம் டேனிஷ்காரர்கள். வெஸ்டர்ப்ரோவில் அப்சலோன் என்று ஒரு ஆலயம் இருந்தது. ஆள் குறைந்து மூடிவிட்டார்கள், ஒரு தொழிலதிபர் வாங்கி 2015-இல் மக்கள் கூடும் வீடாகத் திறந்தார். சாயங்காலம் ஆறு மணிக்குப் பொதுச் சாப்பாடு. நானும் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். சுவரெல்லாம் கலர் கலராய்ப் பெயின்ட், நீள நீள மேஜைகள், முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொரு மேஜையிலிருந்தும் ஒருவர் எழுந்து போய்ப் பெரிய பாத்திரத்தில் சாப்பாடு வாங்கி வருகிறார், அதைக் கை மாற்றி மாற்றி எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், "இது கோயிலாக இருந்தபோது கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவேன், இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறேன்" என்று ஸ்பூனை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

இந்த இடத்தை ஐரோப்பாவின் வீழ்ச்சிக்கு அடையாளமாகக் காட்டி ஜெபக் கடிதம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த அம்மா சொன்னதில் நம் வேலைக்கான தகவல் இருக்கிறது. சேர்ந்து உட்கார, சேர்ந்து சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் அதே தெருவில் அப்போதும் இருந்தார்கள், ஆலயமோ ஞாயிறு பத்து மணிக்கு ஒரு மணி நேரம் முன்னால் பார்த்து உட்கார வைத்து அனுப்பியது. இதை அங்குள்ள சபைகளும் புரிந்துகொண்டுதான் வருகின்றன. நகரின் பெரிய ஆலயத்தை வார இறுதியில் ராத்திரியிலும் திறந்துவைக்கிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றலாம், போதகரோடு பேசலாம், சும்மாவும் இருக்கலாம், பாரிலிருந்து வருகிற பிள்ளைகள்கூட உள்ளே வந்து அமைதியாக உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் செய்யக்கூடியது இந்த மாதிரி வேலைதான். வீட்டுக்குக் கூப்பிடுங்கள், சாம்பார் வையுங்கள். ஆனால் நம் ஊர் மாதிரி திடீரென்று யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள், நீங்களும் தட்டாதீர்கள், மூன்று வாரம் முன்பே தேதி கேட்டு டைரியில் எழுதிக்கொள்கிற ஜனம் அது. விசுவாசத்தைப் பற்றி அவர்களாகக் கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள், சுற்றி வளைத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், பிடிக்காது.

மொழி. எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள், அதுதான் ஆபத்தே. ஆங்கிலத்திலேயே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டு வந்த ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன், வெளிநாட்டவரோடு மட்டும் பழகிவிட்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறவர் டேனிஷில்தான் ஜெபிப்பார். முதல் வாரத்திலேயே வகுப்பில் சேருங்கள், சொல்லின் பாதியை விழுங்குகிற பாஷை, உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், பரவாயில்லை. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், காலை எட்டரை வரைக்கும் வராது. அதைத் தாங்குவது ஆவிக்குரிய விஷயம் இல்லை, நல்ல கோட்டு, வைட்டமின் மாத்திரை, தினம் வெளியே நடப்பது.

ஆதரவாளர் கடிதத்தில் என்ன எழுதலாம் என்றுதானே கேட்டீர்கள். சுருக்கமாக எழுதுங்கள். இந்தச் சபை அழைத்தது, சம்பளம் அவர்கள் கொடுக்கிறார்கள், இன்னாருடைய மேற்பார்வையில் இன்ன வேலை, வசதியுள்ள ஊரில் கொடுப்பதற்கு என்னிடம் பொருள் ஒன்றும் இல்லை, சுவிசேஷம் அவர்களுக்கும் உரியது என்று நம்பிப் போகிறேன், மூன்று வருடத்தில் எத்தனை பேர் என்று எண்ணிக்கை எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் கடைசி வரியை எடுக்கச் சொல்லி யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள், எடுக்காதீர்கள். அதை இப்போதே எழுதாவிட்டால் இரண்டாவது வருடம் பொய்க் கணக்கு எழுத வேண்டி வரும்.

அதற்கு முன்னால் கோபன்ஹேகன் சபைக்கு ஒரு மெயில் போடுங்கள். வெளிநாட்டு மத ஊழியர்களுக்கென்று தனிக் குடியிருப்பு அனுமதி அங்கே இருக்கிறது, அதற்கு யார் விண்ணப்பிக்கிறார்கள், உங்களுக்கு மேலே யார் பொறுப்பு, வாரத்தில் எத்தனை நாள் மொழி வகுப்புக்கு விடுவார்கள், எதற்காகக் குறிப்பாக இந்தியாவிலிருந்து ஒரு பெண்ணைக் கேட்கிறார்கள் என்று. கடைசிக் கேள்விக்கு "எங்கள் சபை பல நிறமாகத் தெரிய வேண்டும்" என்ற அர்த்தத்தில் பதில் வந்தால் மரியாதையாக மறுத்துவிடலாம். வேலை என்னவென்று தெளிவாக எழுதியிருந்தால் அந்தப் பதிலை எனக்கும் அனுப்புங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சம்பளம், வீடு, விடுப்பு மூன்றையும் ஒரு தடவை சேர்ந்து பார்த்துவிடலாம்.